குதிரை ஏறாத சிப்பாய்

சின்னமனூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே என் அப்பா குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்.

இருபதடி உயரத்துக்கு ஒரு பதாகை. வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. மேலே அப்பா. தோளில் பொன்னிறப் பட்டை, கையில் உருவிய வாள். முகம் மட்டும்தான் அவருடையது. அதுவும் என் தங்கை கல்யாணத்தன்று மலேசியாவின் ஈப்போவில் எடுத்த படத்திலிருந்து வெட்டியது. எழுபது வயது முகத்துக்கு மீசையைக் கறுப்பாக்கி, இருபத்தைந்து வயது உடம்பில் ஒட்டியிருந்தார்கள். "பர்மா போர்முனையில் பகைவரைப் பந்தாடிய மாவீரன் தளபதி சுப்பையா திருவுருவச் சிலை திறப்பு விழா" என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே, அப்பாவைவிடப் பெரிய அளவில், வெள்ளைச் சட்டையோடு கைகூப்பி நின்றான் தங்கப்பாண்டி.

என் அப்பா வாழ்நாளில் குதிரை ஏறியதில்லை. படையில் இருந்தபோது கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார். அரிசி மூட்டை தூக்கியிருக்கிறார், குழி வெட்டியிருக்கிறார். சின்ன வயதில் நாங்கள், "சண்டையில என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்டால், "நடந்தேன்" என்பார். அவ்வளவுதான் பதில்.

பதினாறு வயதில் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டு, கப்பலேறி மலாயாவுக்குப் போனவர் அவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஜப்பான்காரன் காலத்தில், தோட்டம் தோட்டமாக வந்து ஆள் சேர்த்த இந்திய விடுதலைப் படையில் சேர்ந்தார். சேர்ந்தது சிப்பாயாக, திரும்பியதும் சிப்பாயாக. சண்டை முடிந்ததும் அதே தோட்டத்துக்கு வந்து அதே வாளியைத் தூக்கினார். ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. அவர் இறந்து இருபது வருடமாகிறது. நான் மூத்த மகள், மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பாவின் ஊருக்கு இதுதான் என் முதல் பயணம்.

அழைத்தவன் தங்கப்பாண்டி. அப்பாவுடைய அண்ணனின் பேரன், எனக்கு மருமகன் முறை. வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறான். போன வருடம் எப்படியோ என் கைப்பேசி எண்ணைக் கண்டுபிடித்து, "தாத்தாவுக்கு ஒரு சின்ன மரியாதை செய்யணும் அத்தை, ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க" என்றான். நெகிழ்ந்துபோய் அனுப்பினேன். அந்தக் குதிரைக்கு நானும் உடந்தை.

பதாகையைப் பார்க்கும்வரை பயணம் இன்பமாகத்தான் இருந்தது. மதுரையிலிருந்து வந்த பேருந்து ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. எங்கள் நாட்டில் என்றால் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே இறங்கிய ஐந்து நிமிடத்தில், எனக்கு எத்தனை பிள்ளைகள், கணவர் எப்போது போனார், முட்டிவலிக்கு என்ன மாத்திரை என்பதெல்லாம் முழுப் பேருந்துக்கும் தெரிந்துவிட்டது. கூடையில் கறுப்புத் திராட்சை வைத்திருந்த ஒரு பெண் ஒரு கொத்தை என் மடியில் போட்டாள்.

"மலேசியாவுலயும் தமிழ்தான் பேசுவீகளா?"

"தமிழ்தான்."

"பெறகு ஏன் வானொலில வாசிக்கிற மாதிரியே பேசுறீக?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் அந்த வாரத்தில் நான் கடைசியாக மனசுவிட்டுச் சிரித்தது.

தங்கப்பாண்டியைக் கெட்டவன் என்று எழுத எனக்கு மனமில்லை. நிலையத்துக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்திலுள்ள ஊருக்குக் கூட்டிப்போனான். வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், சோறு குவித்துவைத்த இலை. "நான் பசியாறிட்டேன்" என்றேன். எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. அவன் மனைவி அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, "ஒருவாய் திங்காமயே பசியாறிருச்சா? அதெல்லாம் ஆகாது, உக்காருங்க சித்தி" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அப்படி உபசரித்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பதாகையைப் பற்றிக் கேட்க அன்றைக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை சிலையைக் காட்டக் கூட்டிப்போனான். ஊர் நுழைவில், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. கொத்தனார் ஒருவர் பீடத்துக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தார். தங்கப்பாண்டி தார்ப்பாயைத் தூக்கினான். சிமெண்டு உடம்புக்கு வெண்கல நிறச் சாயம். குதிரை இல்லை, பாரம் தாங்காது என்று விட்டுவிட்டார்களாம். வாள் இருந்தது. பூட்ஸ் முட்டிவரைக்கும் வந்தது.

அப்பா பர்மாவிலிருந்து திரும்பி நடக்கும்போது காலில் சாக்குத்துணி சுற்றியிருந்தார். கடைசிவரை அவருடைய இடது காலில் மூன்று விரல்களுக்கு நகமில்லை. அந்தக் காலைக் கழுவித் துடைத்து நகம் வெட்டிவிட்டவள் நான். அந்தப் பூட்ஸைப் பார்க்கப் பிடிக்காமல் பீடத்துப் பக்கம் திரும்பினேன்.

கறுப்புக் கல்லில் வெட்டியிருந்ததைப் படித்தேன். தளபதி. மாவீரன். "பின்வாங்கலின்போது நூறு வீரர்களைத் தனியொருவராகக் காத்தவர்."

"இது யார் சொன்னது?" என்றேன்.

"எது அத்தை?"

"நூறு பேரைக் காப்பாத்துனார்னு."

"இப்படித்தான எழுதுவாக. செலன்னு வச்சா நாலு நல்லதாத்தான எழுதணும்?"

"எங்கப்பா ஒருத்தரைக்கூடக் காப்பாத்தல. ஒருத்தரை விட்டுட்டு வந்தார். அவர் பேர் சீனி. இதே ஊர்க்காரர்."

அங்கேயே, சாந்துச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று, சொன்னேன். அப்பாவும் சீனியும் ஒரே நாளில் ஊரைவிட்டுப் போனவர்கள், ஒரே கப்பலில் ஏறியவர்கள், ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தங்கியவர்கள். சீனிக்கு நாலைந்து வயது அதிகம்; வயிற்றுப்பிள்ளைக்காரி மனைவியை ஊரில் விட்டு வந்திருந்தார். படையிலும் இருவரும் ஒரே பிரிவு. பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது ஓயாத மழை. தின்ன எதுவுமில்லை. சீனிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாள் அப்பா தோளில் தாங்கி நடத்தினார். மூன்றாம் நாள் முடியவில்லை. ஒரு மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்து, தன் தண்ணீர்க் குப்பியை மடியில் வைத்துவிட்டு, போகிற கூட்டத்தோடு போய்விட்டார். சீனி அப்போது உயிரோடுதான் இருந்தார்.

இதை அப்பா எங்களிடம் சொன்னது சாவதற்கு இரண்டு வருடம் முன்னால்தான். அதுவரை தனக்குள்ளேயே வைத்திருந்தார்.

தங்கப்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். "அத்தை, மெதுவாப் பேசுங்க. சீனின்னு எல்லாம் இந்த ஊர்ல யாரும் இல்ல. நானும் கேள்விப்பட்டதில்ல."

"உன் தாத்தா கேள்விப்பட்டிருக்கார்" என்று கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.

சண்டை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியதும் அப்பா தன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊருக்கு வரட்டுமா என்று கேட்டு, சீனியின் சேதியை அவர் மனைவியிடம் சொல்லிவிடும்படி. அதற்கு வந்த பதில் இது. பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்து, மடிப்பில் கிழிந்து, நீல மை வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் படிக்கலாம். "நீ சர்க்காருக்கு விரோதமான பட்டாளத்தில் இருந்திருக்கிறாய். இனிமேல் கடிதம் போடாதே. இங்கே வரவும் வேண்டாம். போலீசு வந்தால் எங்கள் கதி என்ன. சீனி சமாச்சாரத்தை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை."

தங்கப்பாண்டி இரண்டு தடவை படித்தான். அவன் முகம் வாடியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அது நீடிக்க அவன் விடவில்லை.

"அந்தக் காலத்துல போலீசுன்னா சும்மாவா அத்தை? பயந்திருப்பாக."

"சரி, பயந்தாங்க. சுதந்திரம் வந்த பிறகு யாருக்குப் பயம்? அந்தப் பொம்பளை இதே தெருவுலதானே இருந்திருப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பொறக்கவே இல்லயே."

"நீ பொறக்கல. ஆனா நூறு பேர்னு எழுதுனது நீதானே?"

"விழா வரைக்கும் இந்தக் கடுதாசிய வெளிய எடுக்காதீக. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்று உண்மையிலேயே கும்பிட்டான். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது, அவன் நிற்கப்போகிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மண்டியிலிருந்து அழைப்பு வர, வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அதுவரை சாந்து பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார்.

"யம்மா, கப்பலேறிப் போன சீனியவா கேக்குறீக? அவுக பேத்தி மேகமலைல இருக்கு. பேச்சியம்மான்னு பேரு, தேயிலை எஸ்டேட்ல வேல. எங்க வீட்டுக்காரிக்குச் சொந்தம். இந்த ஊர்ல தெரியாதுன்னு யாரு சொன்னா?"

மூன்றாம் நாள் காலை மேகமலைப் பேருந்தில் ஏறினேன். தங்கப்பாண்டியிடம் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். பேருந்து அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டி, வாழைத் தோப்புகளைக் கீழே விட்டு ஏறத் தொடங்கியது. எங்கள் நாட்டுக் கேமரன் மலைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். வண்டி குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போகும் சாலை அது. இங்கே ஒவ்வொரு வளைவிலும் முன்னிருக்கைக் கம்பியில் என் நெற்றி இடித்தது. பாதி மலையில் எஞ்சின் சூடாகி வண்டி நின்றது. நடத்துநர் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடை தேடிப் போனார். பின்னிருக்கையில் ஒரு கிழவர் யாரிடமோ கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமாடா, வழக்கமா நிக்கிற எடத்துலதான் நிக்கிது. சோத்த மூடி வையி."

குடம் வந்தும் வண்டி கிளம்பவில்லை. மேலே காய்கறி ஏற்றிப்போன ஜீப் ஒன்றில் முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவே எனக்கு இடம் கிடைத்தது.

எஸ்டேட்டில் இறங்கினேன். எதிரே லைன் வீடுகள். ஒட்டி ஒட்டிப் பத்து வாசல், ஒரே நீளக் கூரை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். நான் பிறந்த லயம் அப்படியே இதுதான். கடல் தாண்டிப் போன ஆளுக்கும் மலையேறி வந்த ஆளுக்கும் அதே வெள்ளைக்காரன் அதே அளவில் கட்டிக் கொடுத்த பெட்டி. எங்கள் லயத்தை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு முப்பது வருடமாகிறது. இங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கூரைத் தகரத்தில் கல் வைத்திருந்தார்கள், காற்றுக்குப் பறக்காமல் இருக்க.

பேச்சியம்மாள் வேலை முடிந்து வரும்வரை குழாயடியில் காத்திருந்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். தலையில் கொழுந்துச் சாக்கு, காலில் அட்டைக்குப் பூசிய சுண்ணாம்பு.

"யாரத் தேடுறீக?"

"சீனின்னு, மலாயாவுக்குப் போனவர்... அவரோட பேத்தி..."

சாக்கை இறக்கி வைத்தாள். "எங்க தாத்தா எங்கன இருக்காக?" என்றாள்.

இருக்காக. உயிரோடிருந்தால் நூற்றைந்து வயதைத் தாண்டியிருக்கும் மனிதரைப் பற்றி அவள் அப்படித்தான் கேட்டாள். அந்த வீட்டில் எப்போதுமே அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். இறந்துபோனார் என்று சொல்ல அவர்களுக்கு ஆதாரமில்லை.

வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள். கடைசிச் சலிப்பில் விழுந்த தூள். நாள்முழுக்கப் பறிக்கிற கைக்கு அதுதான் கிடைக்கிறது. நான் சொல்லத் தொடங்கினேன். மரத்தடிவரை சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"உசுரோடயா விட்டுட்டு வந்தாக?"

"ஆமாம்."

"தண்ணி?"

"வச்சிட்டு வந்தார். தன்னோட குப்பியை."

"எங்க தாத்தா ஏதும் சொன்னாகளா?"

"‘வீட்டுல சொல்லிரு’ன்னு சொன்னாராம்."

பேச்சி அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க அம்மாச்சி பொட்டு அழிக்கல. தாலி கழட்டல. அதுக்கே ஊர்ல சிரிச்சிருக்காக, எவனுக்காக மினுக்குறான்னு. பங்காளிக, ஓம் புருசன் வந்தா வந்து கேக்கட்டும்னு வீட்ட விட்டு எறக்கிட்டாக. அந்தானைக்கு எங்கம்மாவ இடுப்புல வச்சுக்கிட்டு மலையேறுனவுக. கெழடு தட்டுன பெறகு விதவை பென்சனுக்கு எழுதிப் போட்டா, ஆபீஸ்ல புருசன் செத்த சர்ட்டிபிகேட்டு கேட்டாக. செத்தானா இல்லையான்னு தெரியாம இருக்கா, அவகிட்டப் போயி கேக்குறாக. சாகுற அன்னைக்கும் பொட்டோடதான் கெடந்தாக."

கடிதத்தை எடுத்தேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"எனக்குப் படிக்கத் தெரியும், குடுங்க."

விரல் வைத்து, வரி வரியாக, வாய்க்குள் படித்தாள். கடைசி வரியில் விரல் அப்படியே நின்றது. நான் அந்த ஊரின்மேல் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க எப்ப தெரிஞ்சுக்கிட்டீக?"

"அப்பா சாகறதுக்கு ரெண்டு வருசம் முன்ன."

"அப்ப இருவது வருசத்துக்கு மேல ஆச்சு." மடக்கிய கடிதத்தை என் கையில் வைத்தாள். "எங்கம்மா செத்து ஆறு வருசந்தான் ஆகுது யக்கா. அப்பன் மொகம் பாக்காமப் பொறந்தவ. கடைசி வரைக்கும் யாராச்சும் கீழருந்து வந்தா, வெளிநாட்டுக் கடுதாசி இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். வேலை, பிள்ளைகள், கணவரின் நோய் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். பெரியப்பாவிடமும் காரணங்கள் இருந்தன. அப்பாவிடமும் இருந்தன, ஒரே ஒரு கடிதம் எழுதி, பதிலைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் இரண்டு நாளாக ஊர்மேல் வளர்த்த கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உரியது என்பதை அந்த இருட்டறையில்தான் ஒப்புக்கொண்டேன்.

பேச்சி எழுந்து சட்டியில் அரிசி போட்டாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள். அதைச் சொன்ன குரலில் பிரியம் இல்லை. சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். நான் தலைகுனிந்து தின்றேன்.

"எந்த மாசம்?" என்றாள் திடீரென்று.

அது எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஆடியிலும் அமாவாசைக்கு முந்தின நாள் அப்பா சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். குப்பியைக் கொடுத்துவிட்டு நடந்த அன்று, நாளைக்கு அமாவாசை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம். அதைச் சொன்னேன்.

"உசுரோட விட்ட நாளத் திதின்னு வைக்க முடியுமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு, "வைக்கலாம். எங்களுக்கு வேற நாளு இல்ல. ஆடி வரைக்கும் காத்திருக்க முடியாது யக்கா, மொத எள்ளுந் தண்ணியும் இப்பவே எறச்சிரணும். வெள்ளிக்கிழம எனக்கு லீவு. சுருளி அருவிக்கு வருவீகளா?" என்றாள்.

வெள்ளிக்கிழமைதான் சிலை திறப்பு.

மறுநாள், வியாழன், தங்கப்பாண்டியிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கல்லில் 'தளபதி'யை அழித்துச் 'சிப்பாய்' என்று வெட்டு. நூறு பேர் வரியை எடு. அந்த இடத்தில் சீனியின் பெயரைப் போடு. செய்தால் நானே கயிற்றை இழுத்துத் திறக்கிறேன்.

"கல்லு வெட்டியாச்சு அத்தை. எம்.எல்.ஏ. வர்றாக, மேளம் சொல்லியாச்சு, ஊர்ச் சாப்பாடு. ஒரு சிப்பாய்க்கு எவனாச்சும் செல வப்பானா? தளபதின்னாத்தான் நாலு பேரு வருவாக. எலெக்சன் முடியட்டும், சீனிக்கும் ஏதாச்சும் செய்வோம்."

"சீனின்னு யாரும் இந்த ஊர்ல இல்லைன்னு சொன்னியே?"

"வீட்டுல பெரியவுக, அதப் பேசாதன்னுதான் சொல்லியிருக்காக" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று தலைமுறையாக வாய்க்கு வாய் கடத்தி, வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

வெள்ளி காலை, வாழை மரம் கட்டிய ஊர் நுழைவில் பாட்டு அலறிக்கொண்டிருந்தபோது, நான் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினேன். சின்னமனூரில் பேச்சி காத்திருந்தாள். புதுச் சேலை. கையில் ஒரு துணிப்பை. அதில் எள், பச்சரிசி, வாழைக்காய். உத்தமபாளையம் தாண்டி வழிநெடுக முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நடவு நடந்துகொண்டிருந்தது. பேச்சி சன்னல்பக்கம் திரும்பி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, நேற்று அருவிப்பக்கம் யானை வந்ததால் வனத்துறை அடைத்துவிட்டது, இன்றைக்குத்தான் திறந்திருக்கிறார்கள் என்றார்.

ஆற்றங்கரையில் வரிசையாகத் திதி கொடுப்பவர்கள். எங்களுக்குக் கிடைத்த ஐயர் பேச்சியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பள யாரும் வரலியா?"

"இல்ல சாமி. எங்கம்மாவப் பெத்த தாத்தாவுக்கு, நாந்தான் வந்திருக்கேன்."

"பேத்தி, அதுவும் மக வழிப் பேத்தி. அப்படிச் செய்யறது வழக்கமில்லம்மா. யாராவது பங்காளி இருந்தாக் கூட்டிட்டு வாங்கோ."

"பங்காளிகதான் வீட்ட விட்டு எறக்குனாக" என்றாள் பேச்சி. அவள் குரல் உயர்ந்ததில் பக்கத்தில் பிண்டம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சாமி, ஆயுசு முழுக்க ஒரு பொம்பள காத்துக் கெடந்து செத்தா. அவ மக காத்துக் கெடந்து செத்தா. காத்துக் கெடக்கும்போது ஆம்பள எங்கன்னு எவனும் வந்து கேக்கல. எள்ளெறைக்க மட்டும் ஆம்பள வேணுமா? நீங்க மந்திரஞ் சொல்லாட்டியும் நான் எறைக்கத்தான் போறேன்."

ஐயர் பலகையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். பிறகு தர்ப்பையை எடுத்தார். "பேரு சொல்லும்மா."

"சீனி."

"காலமான திதி?"

"ஆடி. அமாவாசைக்கு மொத நா."

அப்போது என் கைப்பேசி அடித்தது. தங்கப்பாண்டி. பின்னால் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும்.

"அத்தை, எங்கன இருக்கீக? எம்.எல்.ஏ. வந்து எறங்கிட்டாக. தளபதி மக வந்துட்டாகன்னு மைக்ல வேற சொல்லியாச்சு. சீக்கிரம் வாங்க!"

"நான் சுருளியில இருக்கேன். சீனிக்குத் திதி கொடுக்கறோம். கயித்தை நீயே இழுத்துக்கோ."

"அத்தை, என்னய இப்படி அசிங்கப்படுத்தாதீக..."

அணைத்துவிட்டேன். பேச்சி ஈரப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு ஆசை வந்தது. இப்போது யோசித்தால் அது ஆசையா, பேராசையா என்று தெரியவில்லை. "பேச்சி, எங்கப்பா பேரையும் சேர்த்துச் சொல்லட்டுமா? ரெண்டு பேரும் ஒண்ணாப் போனவங்க" என்றேன்.

அவள் திரும்பினாள். கோபம் இல்லை முகத்தில். ஆனால் யோசிக்கவும் இல்லை.

"வேணாம் யக்கா. ஒங்க அய்யாவுக்கு அங்கன செல தெறக்குறாக. இது எங்க தாத்தாவுக்கு மட்டும்."

சரி என்றேன். நியாயம் என்றுதான் பட்டது, அன்றைக்கும், இதை எழுதும் இன்றைக்கும்.

அவள் செருப்பைக் கழற்றி, துணிப்பையை அதன்மேல் வைத்தாள். மரக்கிளைகளில் குரங்குகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுக கண்ணசந்தாத் தூக்கிட்டுப் போயிரும். நான் வர்ற வரைக்கும் இங்கனயே நின்னு பாத்துக்கிருங்க."

முழங்காலளவுத் தண்ணீரில் நின்று பேச்சி எள்ளை இறைத்தாள். ஐயர் சொல்லச் சொல்ல, சீனி என்ற பெயரை அவள் மூன்று முறை உரக்கச் சொன்னாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கைப்பேசி மறுபடி மறுபடி அதிர்ந்தது. நான் அந்தப் பையையும் செருப்பையும் விட்டு ஓர் அடிகூட நகரவில்லை.